சுங்கம் தவிர்த்த சாலைகள்

முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பெயர் உண்டு. கலிங்கப் போருக்காகப் பரணி பாடப்பெற்ற அரசன் அவன். 1070 முதல் 1122 வரை அரை நூற்றாண்டு ஆண்டவன். அத்தனை வெற்றிகளுக்கும் நடுவே ஒரு வரியை நீக்கியதற்காகவும் அவனை நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். சுங்கச்சாவடி வரிசையில் நின்ற அனுபவம் அவர்களுக்கும் இருக்கிறது அல்லவா!

சென்ற கோடையில், பிரான்ஸில், அந்தப் பெயர் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது. பாரிஸ் புறநகர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தெற்கே மோன்பெலியேவில் படிக்கும் அவர்களுடைய மகளைப் பார்க்கக் காரில் புறப்படுவதாக ஏற்பாடு. முந்தைய இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தான் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சுங்கம் கட்டி விரைவுச்சாலையில் போனால் ஏழரை மணி நேரம். 'சுங்கத்தைத் தவிர்' என்ற கட்டத்தைத் தொட்டால் பத்து மணி நேரம். மிச்சமாகும் தொகை ஏறத்தாழ 50 யூரோ.

"ரெண்டரை மணி நேரத்துக்கு அம்பது யூரோ. எனக்கு ஒரு நாள் லீவு கெடைக்கிறது அதைவிடப் பெருசு, மாப்பிள்ளை. பெயாஜ் கட்டிட்டு நிம்மதியாப் போகலாம்" என்றார். கிடங்கு ஒன்றில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர் அவர். நான் பிடிவாதமாகப் பழைய சாலையைக் கேட்டேன். போகும்போது என் வழி, திரும்பும்போது அவர் வழி என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

இரண்டு வழியிலும் போய்வந்த பிறகு என் கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் புறப்படும்போது நான் வைத்திருந்த காரணம் வேறு, திரும்பி வந்தபோது கையில் இருந்த காரணம் வேறு. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

*

முதலில் அந்தச் சாலைகளின் கதை. பிரான்ஸில் விரைவுச்சாலைகளைப் பற்றிய சட்டப்பிரிவு, அவற்றைப் பயன்படுத்துவது கொள்கையளவில் இலவசம் என்றுதான் தொடங்குகிறது. அடுத்த வாக்கியம் 'ஆயினும்' என்கிறது. நாட்டின் சுங்கச்சாவடிகள் அத்தனையும் அந்த ஒற்றை 'ஆயினும்' மேல் நிற்கின்றன. போருக்குப் பிந்தைய பிரான்ஸில் விரைவுச்சாலைகள் மிகக் குறைவு. அவற்றை விரைந்து அமைப்பதற்காக 1955ஆம் ஆண்டுச் சட்டம் சுங்கம் வசூலிக்க விதிவிலக்காக இடம் கொடுத்தது. 1961இல் தென்கிழக்கே எஸ்தெரெல் மலைப்பகுதியில் முதல் சுங்கச்சாலை திறக்கப்பட்டது. 1970இல் பாரிஸிலிருந்து லியோன் வழியாக மார்செய் வரை இடைவெளியின்றி விரைவுச்சாலையில் போக முடிந்தது. இன்று நாட்டில் உள்ள சுமார் 12,000 கி.மீ. விரைவுச்சாலைகளில் ஏறத்தாழ 9,000 கி.மீ. சலுகை உரிமம் பெற்ற நிறுவனங்களின் கையில் இருக்கிறது. விதிவிலக்கு வளர்ந்து விதியாகிவிட்டது.

2005-06இல் வில்பான் அரசு, தன்னிடமிருந்த விரைவுச்சாலை நிறுவனப் பங்குகளைச் சுமார் 15 பில்லியன் யூரோவுக்குத் தனியாருக்கு விற்றது. அந்த நிறுவனங்களின் லாபம் அவை ஏற்கும் அபாயத்துக்குப் பொருத்தமில்லாத அளவு அதிகம் என்று நாட்டின் வணிகப்போட்டி ஆணையமே 2014இல் குறை சொன்னது. பெரிய உரிமங்கள் 2031க்கும் 2036க்கும் இடையே முடிகின்றன. பிறகு சாலைகளை என்ன செய்வது என்ற விவாதம் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. 2018 நவம்பரில் மஞ்சள் மேலாடைக்காரர்கள் தெருவுக்கு வந்தபோது சுங்கச்சாவடித் தடைகளைத் தூக்கிப் பிடித்து வண்டிகளை இலவசமாக அனுப்பியதும், சில இடங்களில் சாவடிகளுக்குத் தீ வைத்ததும் இந்தப் பின்னணியில்தான். தீ வைத்ததை நியாயப்படுத்த முடியாது. ஆனால் கோபம் எங்கே போய் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

*

புறப்படும்போது என்னிடம் இருந்த காரணம் இலக்கியம் சார்ந்தது. வழி என்பதைப் பற்றி நம் மொழியில் ஒரு தனி இலக்கிய வகையே இருக்கிறது. ஆற்றுப்படையில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். எத்தனை நாழிகையில் போய்ச் சேரலாம் என்பது அவன் அக்கறை அல்ல. எயினர் குடியில் என்ன உணவு கிடைக்கும், ஆயர் குடியில் என்ன தருவார்கள், உழவர் வீட்டில் எப்படி உபசரிப்பார்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறான். வழி என்பது வழியில் இருக்கும் மனிதர்கள். பெரும்பாணாற்றுப்படையில் சுங்கச்சாலையும் வருகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும், உல்கு வாங்கும் பெருவழியை வில்லேந்திய வீரர்கள் காக்கிறார்கள். ஆகவே சுங்கம் புதியதும் அல்ல, அதற்கு ஈடாகப் பாதுகாப்புக் கிடைப்பதும் புதியதல்ல.

விரைவுச்சாலையில் ஊர்கள் இல்லை, ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன. பழுப்பு நிறப் பலகைகளில் ஒரு தேவாலயம், ஒரு கோட்டை, ஒரு திராட்சைக் குலை என எளிய சித்திரங்களாக அவை கடந்துபோகின்றன. 1970களில் ழான் விட்மெர் என்ற வரைகலைஞர் உருவாக்கிய முறை அது. மிக அழகான வேலை. ஆனால் அந்தக் கோட்டையை நீங்கள் பார்ப்பதில்லை, கோட்டை என்ற சொல்லைப் படிக்கிறீர்கள். மானுடவியலாளர் மார்க் ஒழே 1992இல் வெளிவந்த 'இடமல்லாத இடங்கள்' பற்றிய தன் நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். விரைவுச்சாலை ஊரைத் தவிர்க்கிறது, தவிர்த்த ஊரைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைக்கிறது. நாவலைப் படிக்காமல் கதைச்சுருக்கம் படித்துத் தேர்வெழுதும் மாணவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நினைவுதான் வந்தது.

இதற்கு மறுப்பும் இலக்கியத்திலேயே இருக்கிறது. 1982 மே மாதம் ஹூலியோ கோர்த்தஸாரும் அவர் மனைவி கரோல் டன்லப்பும் ஒரு வேனில் பாரிஸிலிருந்து மார்செய்க்கு விரைவுச்சாலையில் புறப்பட்டார்கள். சாலையை விட்டு வெளியேறுவதில்லை, நாளொன்றுக்கு இரண்டு ஓய்விடங்களில் மட்டும் நிற்பது, இரண்டாவதில் உறங்குவது என்பது ஏற்பாடு. ஒரு நாளில் முடியும் பயணத்துக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அடுத்த ஆண்டு அது நூலாக வந்தது. அதற்குள், 1982 நவம்பரில், கரோல் இறந்துவிட்டார். 1984 பிப்ரவரியில் கோர்த்தஸாரும் போய்ச் சேர்ந்தார். நேரம் அதிகம் மிஞ்சியிராத இருவர், வேகத்துக்கென்றே கட்டிய சாலையில் மெதுவாகப் போனார்கள். அவர்களுக்கு அந்தச் சாலையிலும் ஓர் உலகம் அகப்பட்டது. ஆகவே குற்றம் முழுவதையும் சாலையின் தலையில் போட முடியாது, அவசரத்துக்கும் பங்கு உண்டு.

*

நாங்கள் போனது 'நாஷனால் 7' என்ற ஏழாம் எண் தேசியச் சாலை. பாரிஸிலிருந்து இத்தாலிய எல்லையில் மாந்தோன் வரை ஏறக்குறைய 1,000 கி.மீ. நீளம். 1936இல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடைத்த பின், கடலைப் பார்க்கப் புறப்பட்ட குடும்பங்களின் சாலை. 1955இல் ஷார்ல் த்ரெனே அதன் பெயரிலேயே ஒரு பாட்டுப் பாடினார். இன்று அது முழுதாக இல்லை. சில பகுதிகள் நான்கு வழிச்சாலையாகிவிட்டன. பல பகுதிகள் 2006இல் மாவட்டங்களின் பொறுப்புக்குப் போய் எண்ணும் மாறிவிட்டன. இருந்தாலும் தேவாலயக் கோபுரம் தூரத்தில் தெரிந்து, சாலை அதை நோக்கி வளைந்து, ரொட்டிக்கடை வாசலில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அந்தப் பழைய ஒழுங்கு இன்னும் எஞ்சியிருக்கிறது.

மதியம் லாபாலிஸ் என்ற சிற்றூரில் நிறுத்தினோம். மேட்டில் கோட்டை, கீழே ஆறு, நடுவே பழைய சாலை. தலைமுறை தலைமுறையாகக் கோடை நெரிசல் முழுவதும் இந்த ஊரின் வயிற்றுக்குள்தான் புகுந்து வெளியேறியது. லாரிப் புகையும் இரவெல்லாம் இரைச்சலும் தாங்காமல் கேட்டுக் கேட்டு, 2006இல் புறவழிச்சாலை வந்தது. ஊர் அமைதியானது. அதே ஆண்டில் அவ்வூர் மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். பழைய கார்களை வரவழைத்து, 1950, 60களின் போக்குவரத்து நெரிசலை ஊர் நடுவே நடித்துக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இன்றும் நடக்கிறது. சாபமாக இருந்தது திருவிழாவாகிவிட்டது.

என் இலக்கியக் காரணம் முதலில் ஆட்டம் கண்டது இங்கேதான். சுங்கம் தவிர்த்து ஊருக்குள் வரும் நாம் விருந்தினர்களா, புகையா? ஒரு கார் நின்று நான்கு பேர் சாப்பிட்டுப் போனால் ஊருக்கு நல்லது. நிற்காமல் கடக்கும் ஆயிரம் வண்டிகள் வேறு விஷயம். சுங்கத்தை மிச்சம் பிடிக்கக் கனரக லாரிகள் சிற்றூர்களுக்குள் புகுவதைத் தடுக்கப் பல ஊர் மேயர்கள் ஆணை போட வேண்டியிருக்கிறது. சுங்கமில்லாச் சாலை இலவசம் என்பதும் முழு உண்மையல்ல. வரி கட்டுபவர்களும், சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குபவர்களும் அதன் விலையைக் கொடுக்கிறார்கள். அந்தச் சாலையைத் தேர்ந்தெடுப்பவர் அவ்வூர்களில் நின்று போகவாவது கடமைப்பட்டவர்.

*

ஆற்றுப்படைகள் வழியின் இனிமையை மட்டும் சொல்வதில்லை. மலைபடுகடாம் பாம்பு இருக்கும் இடத்தையும் வழுக்கும் பாறையையும் சொல்லி எச்சரிக்கிறது. நானும் சொல்லியாக வேண்டும். பிரான்ஸில் சாலை மரணங்களின் பெரும்பங்கு நிகழ்வது விரைவுச்சாலைகளில் அல்ல, ஊர்ப்புற இருவழிச்சாலைகளில்தான். அதனால்தான் 2018 ஜூலையில் அச்சாலைகளின் வேக வரம்பு 90இலிருந்து 80 கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியபின், 2019 இறுதியில் வந்த சட்டத்தால் மாவட்டங்கள் விரும்பினால் மீண்டும் 90 ஆக்கிக்கொள்ள வழி ஏற்பட்டது.

வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த 'அந்நியன்' வழியாகக் காம்யுவை அறிந்தவர்கள் நாம். 1960 ஜனவரி 4ஆம் நாள், லூர்மாரனிலிருந்து பாரிஸ் திரும்பும் வழியில், வில்பிளவன் அருகே தேசியச் சாலையோரத்து பிளேன் மரத்தில் மோதிய காரில் அவர் இறந்தார். சட்டைப்பையில் பயன்படுத்தாத ரயில் பயணச்சீட்டு இருந்தது. காரில் இருந்த கைப்பிரதி 'முதல் மனிதன்' என்ற முற்றுப்பெறாத நாவலாக 1994இல்தான் வெளிவந்தது. சாலையின் இருபுறமும் நிழல் தரும் அந்த மரவரிசைகளை ரசிக்கும்போதெல்லாம் இந்த நினைவும் கூடவே வருகிறது.

ஆனால் என் காரணத்தை மாற்றியது இன்னொரு விபத்து. மூலேன் நகருக்குத் தெற்கே நம் சாலையை இன்னொரு சாலை குறுக்கே வெட்டுகிறது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் அந்த எண் 79 சாலை முன்பு சுங்கமற்றதாக, பெரும்பகுதி இருவழியாக, லாரிகள் நிறைந்ததாக இருந்தது. 'மரணச்சாலை' என்று அதற்குப் பெயர். 2016 மார்ச் 24 இரவு, மோன்பெஞி அருகே ஒரு வேன் எதிரே வந்த லாரியில் நேருக்கு நேர் மோதிப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அனைவரும் ஸ்விட்சர்லாந்திலிருந்து ஈஸ்டருக்குச் சொந்த ஊர் போய்க்கொண்டிருந்த போர்ச்சுகீசியர்கள். வேனை ஓட்டியவருக்கு வயது 19. வண்டியில் ஆட்களும் அதிகம். பிழை சாலையினுடையது மட்டும் அல்ல. ஆயினும் நடுவே ஒரு தடுப்பு இருந்திருந்தால் என்ற கேள்வியை யாரால் தவிர்க்க முடியும்?

அந்தச் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் பழையது. கடைசியில் அகலப்படுத்தினார்கள். 2022 நவம்பரில் அது ஏ79 என்ற பெயரில் நான்கு வழி விரைவுச்சாலையாகத் திறக்கப்பட்டது. சுங்கத்தோடு! தடுப்புக்கம்பமே இல்லாத புதுவகைச் சுங்கம். கேமரா எண்ணைப் படித்துக்கொள்கிறது, நாம்தான் நினைவாகப் பிறகு செலுத்த வேண்டும். இன்று அந்தச் சாலை பாதுகாப்பானது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பாதுகாப்பு வேண்டுமானால் பணம் கட்டு, பணமில்லாவிட்டால் ஆபத்தான வழியில் போ என்ற ஏற்பாடு ஒரு குடியரசுக்கு அழகா?

*

வேறு வழி இல்லாமல் இல்லை. மேற்கே பிரெத்தாஞ் பகுதியில் சுங்கச்சாலையே கிடையாது. பதினைந்தாம் நூற்றாண்டு இளவரசி ஆன், பிரான்ஸோடு இணைய இட்ட நிபந்தனை அது என்று மக்கள் கதை சொல்வார்கள். நல்ல கதை, வரலாறு அல்ல. ஒதுங்கிக் கிடந்த அந்தப் பகுதியை முன்னேற்ற 1968-69இல் த கோல் அரசு வகுத்த திட்டத்தின்படி, அரசுச் செலவில் போடப்பட்ட நான்கு வழிச்சாலைகள் அவை. சுங்கமும் இல்லை, நேருக்கு நேர் மோதலும் இல்லை.

எங்கள் பயணத்தின் பிற்பகுதியும் அத்தகையதே. க்ளெர்மோன் ஃபெரானிலிருந்து தெற்கே இறங்கும் ஏ75, 300 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள முழு விரைவுச்சாலை. மலைப்பகுதியின் தனிமையைப் போக்கக் கட்டியது என்பதால் சுங்கம் இல்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அதுதான் 2004 டிசம்பரில் திறக்கப்பட்ட மியோ பாலம். உச்சி 343 மீட்டர், நீளம் 2,460 மீட்டர். மிஷேல் விர்லோழோவின் பொறியியல், நார்மன் ஃபாஸ்டரின் வடிவமைப்பு. நாங்கள் அங்கே விரைவுச்சாலையை விட்டுப் பழைய வளைவுகளில் பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். தார்ன் ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஏழு தூண்களும் கம்பிகளும் வானத்தில் மிதக்கின்றன. திரும்பும் வழியில் சுங்கம் கட்டி மேலே போனோம். மேலே போகிறவர்களுக்குப் பாலம் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஆற்றங்கரையில் அத்தான் வெகுநேரம் அண்ணாந்து நின்றார். "இருபது வருஷமா இது மேல போயிட்டு வர்றேன். இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா ஒண்ணு மாப்பிள்ளை, நேரம் இருக்கிறவனுக்குத்தான் இதெல்லாம் ஓசி" என்றும் சொன்னார்.

அவர் சொன்னது சரி. பணமும் இல்லாமல் நேரமும் இல்லாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். திங்கட்கிழமை காலை வேலைக்கு நிற்க வேண்டியவரிடம் மெதுவான பயணத்தின் மேன்மையைப் பேசுவது கோடை விடுமுறை உள்ள கல்லூரி ஆசிரியனுக்கு எளிது. அவரிடம் அதை நான் பேசப்போவதில்லை. இரவில், மழையில், அவசரத்தில் சுங்கச்சாலையே உத்தமம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் வேண்டுகோள் நேரம் உள்ளவர்களிடம். சுற்றுலா போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், என்னைப் போல் இரவல் காரில் ஏறிக்கொள்கிறவர்கள் பழைய சாலையில் போக வேண்டும். கிராமம் அழகாக இருக்கிறது என்பது ஒரு காரணம்தான், முக்கியக் காரணம் அல்ல. கட்ட முடிந்தவர்கள் எல்லோரும் சுங்கச்சாலைக்குப் போய்விட்டால் பொதுச்சாலையில் மிஞ்சுகிறவர்களின் குரல் எந்த அமைச்சகத்துக்கும் கேட்காது. வசதியுள்ளவர்கள் கைவிட்ட அரசுப் பள்ளிக்கும் அரசு மருத்துவமனைக்கும் என்ன நேரும் என்பதை நாம் பிரான்ஸுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஏழைகளுக்கு மட்டும் என்று விடப்படும் எதுவும் ஏழ்மை அடைந்துவிடுகிறது, சாலையும் அப்படித்தான். அதன் குழியும் குறுகலும் வசதியுள்ளவர் உடம்பிலும் உறைத்தால்தான், நடுவே ஒரு தடுப்பு வேண்டும் என்று அவரும் கேட்பார்.

அடுத்த பத்தாண்டுகளில் பெரிய உரிமங்கள் முடியும்போது, அச்சட்டத்தின் முதல் வாக்கியத்தை மதிப்பதா, 'ஆயினும்' என்பதையே பற்றிக்கொள்வதா என்று பிரெஞ்சு மக்கள் முடிவு செய்வார்கள். சுங்கத்தை அடியோடு நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அதில் ஒரு பங்கு மோன்பெஞி போன்ற இடங்களின் இருவழிச்சாலைகளுக்குப் போனால் போதும்.

திரும்பும் வழியில் ஏழரை மணி நேரத்தில் பாரிஸை அடைந்தோம். நடுவில் எந்த ஊரையும் பார்த்ததாக நினைவில்லை. அத்தான் மறுநாள் காலை ஷிப்டுக்குச் சரியான நேரத்தில் போய்விட்டார்.